ஐந்நூறு மில்லி

ஜூலை 11, வியாழன்

அப்பாவுக்குக் குடிக்க ஒரு நாளைக்கு 500 மில்லிதான் என்று டயாலிசிஸ் நிலையத்தில் சொல்லி அனுப்பினார்கள். மாத்திரை விழுங்குகிற தண்ணீர், கஞ்சி, ரசம், கோப்பி எல்லாம் இதற்குள் அடக்கம். காலையிலேயே அளவுக் கோடு போட்ட போத்தலில் 500 ஊற்றி வைத்துவிடுகிறேன். கோப்பி கலந்து கொடுத்தால் அதே அளவை அந்தப் போத்தலிலிருந்து தொட்டியில் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் கணக்கு நிற்கும்.

மற்றப் போத்தல்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 12, வெள்ளி

480. விடியற்காலையில் கூப்பிட்டார். "மணி மூணாச்சா?" ஆச்சுப்பா என்றேன். "சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 13, சனி

எடை 2.6 கிலோ ஏறியிருந்தது. ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தண்ணீர் என்று அர்த்தம். நாலு மணி நேரத்தில் இயந்திரம் அதையெல்லாம் இழுத்தாக வேண்டும். நான் 500-க்கு மேல் கொடுக்கவில்லை. அப்புறம் இது எங்கிருந்து வந்தது? குளியலறைக் குழாயாகத்தான் இருக்கும்.

நடுவில் புதிய தாதி ஒருத்தி வாய் நனைக்க ஒரு மடக்கு கொடுக்கலாமே என்று அன்பாகத்தான் கேட்டாள். "பாக்சிக், நாக் ஆயர்?" ஐயா, தண்ணீர் வேண்டுமா என்று மலாயில். அப்பாவின் கை அப்படி நடுங்கியது. ஊசி குத்தியிருக்கிற கை அது. மணி அடித்து, இயந்திரம் நின்று, எல்லாரும் ஓடிவந்தார்கள். ரத்த அழுத்தம் என்று எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு அது ரத்த அழுத்தமாகத் தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

என் பையன் ராணுவத்தில் சேருகிற பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அதனால் என் கையெழுத்து வேண்டும். நேர்முகத்துக்கு முன்பே அனுப்ப வேண்டுமாம். ஆகஸ்ட் 5 கடைசி நாள்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அதற்குரிய காரணம் கிடைக்கவில்லை. சம்பளம் உண்டு, படிப்பு உண்டு, அவன் நல்ல பையன், ஓடுகிறான், நீந்துகிறான், தாத்தா ரேஞ்சர் படையில் இருந்தவர் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவன். தாத்தா என்ன செய்தார் என்று கேட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாதே. ஐம்பது வருடமாக இந்த வீட்டில் ஒரு பதக்கமும் ஒரு படமும் இருக்கின்றன. படத்தில் பத்துப் பேர். அப்பா நடுவில், கோப்ரல், மீசை சின்னது. அவர்களைப் பற்றி அப்பா ஒரு கதைகூடச் சொன்னதில்லை. அம்மா இருந்த காலத்தில் நாங்கள் கேட்டால் அம்மா கண்ணால் அடக்கிவிடுவாள்.

பாரத்தைச் சாமி அறையில் வைத்தேன். அப்புறம் அது சரியாகப் படவில்லை. எடுத்து மளிகைக் கணக்கு நோட்டுக்குள் செருகினேன்.

ஜூலை 16, செவ்வாய்

500. ஒரு ஐஸ்கட்டிக்காகக் கெஞ்சினார். என் அப்பா கெஞ்சினார்.

ஜூலை 18, வியாழன்

கிள்ளானிலிருந்து அண்ணன் பேசினார். "எழுபத்து மூணு வயசு மனுஷன். கேக்குற தண்ணியைக் குடுத்துத் தொலையேன். பாவமா இல்லையா உனக்கு?" நுரையீரலில் நீர் கட்டினால் மூச்சுத் திணறி ராத்திரியில் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று கத்திவிட்டேன். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

பாவமாகத்தான் இருக்கிறது. தினமும் பாவமாக இருக்கிறது.

ஜூலை 20, சனி

டயாலிசிஸ் முடிந்து வந்தால் வாசலில் ஒருவர் நிற்கிறார். தைப்பிங்கிலிருந்து ரயிலில் பட்டர்வர்த் வந்து, ஃபெரி ஏறி, பஸ் பிடித்து பினாங்குத் தீவில் எங்கள் ஆயர் ஈத்தாம் வரை வந்திருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. படத்தில் ஓரத்தில் நிற்கிற உயரமான ஆள் அவர்தான்.

அப்பா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து பேசினார். சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைக்கப் பார்க்கிறேன்.

1977. பேராக்கின் வடக்கே எல்லையோரக் காடு, கம்யூனிஸ்டுகளோடு சண்டை. கிரீக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். பிரிவில் பத்துப் பேர், அப்பாதான் தலைவர். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் முன்னால் போன சரவாக் பையன், ஈபான் இனம், இருபது வயது, ஜெராங்காப் சாமாரில், அதாவது மறைத்து வைத்த கண்ணிவெடியில், கால் வைத்துவிட்டான். வெடித்தது. அவன் விழுந்து கத்துவதைக் கேட்டதும் இவர் யாரையும் கேட்காமல் ஓடியிருக்கிறார். ஐந்தாவது எட்டில் இவருக்கும் வெடித்தது. "காப்பாத்த வர்றவனுக்காகவே சுத்தி வச்சிருப்பானுங்கம்மா. எங்களுக்குப் பாடமா சொல்லிக் குடுத்ததுதான். அந்த நேரத்துல ஞாபகம் வரல." அப்பா இவர் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டு, காலைக் கட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாராம். "யாரும் அசையக்கூடாது."

இருட்டிவிட்டது. கண்ணி எடுக்கிற பொறியியல் பிரிவு விடிந்துதான் வர முடியும். அந்தப் பையன் கிடந்த இடம், இந்தச் சமையலறையிலிருந்து வாசல் கேட் வரைக்கும்தான். "கோப்ரல், ஆயர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். அப்பா தன் தண்ணீர் போத்தலைத் தூக்கி வீசினார். கிளையில் பட்டு விழுந்தது. பையனுக்கு ரெண்டு எட்டு இந்தப் பக்கம். அவனால் நகர முடியவில்லை.

ராத்திரி காட்டில் பேசக்கூடாது. எதிரி பக்கத்தில் இருந்தால் எல்லாருக்கும் ஆபத்து. அப்பா பேசினாராம். ராத்திரி முழுக்க அந்தப் பையனோடு பேசிக்கொண்டே இருந்தாராம், அவன் ஊர் ஆற்றைப் பற்றி, அதில் என்ன மீன் கிடைக்கும் என்று. மூணு மணிக்குப் பதில் வருவது நின்றுவிட்டது.

"அவர் செஞ்சது சரியா மாமா?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "எனக்கு ஆறு பேரப்பிள்ளைங்கம்மா" என்றார். போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "1989-ல ஹட்யாய்ல கையெழுத்துப் போட்டு சண்டையை முடிச்சிட்டாங்க. கோப்ரலுக்கு மட்டும் முடியல" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

450. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து கேட் வரை நடந்து பார்த்தேன். பதினொரு எட்டு.

ஜூலை 24, புதன்

பையனிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அவன் நேர்முகத்துக்குப் படித்து வைத்திருப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினான். 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் கிராமம். ஹியூ தாம்சன் என்ற அமெரிக்க விமானி, மக்களைச் சுட்டுக்கொண்டிருந்த தன் படை ஆட்களுக்கும் கிராமத்து மக்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கி நின்றார். அதை ஒப்புக்கொண்டு பதக்கம் கொடுக்க முப்பது வருடம் ஆனது. நம் நாட்டில் பத்தாங் காலி, 1948 டிசம்பர், ஆயுதம் இல்லாத 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். இருபது வருடம் கழித்து அவர்களில் சிலரே உண்மையைச் சொல்லி வாக்குமூலம் கொடுத்தார்கள். 2015-ல்கூட லண்டன் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. நியூரம்பர்க் கோட்பாடு: மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது, வேறு வழி உண்மையிலேயே இருந்திருந்தால்.

எல்லாம் கேட்டேன். இதிலெல்லாம் எது சரி, எது தப்பு என்று எனக்கே தெரிகிறதே. அந்த இடத்தில் நின்று செய்யத் தைரியம் வேண்டும், அது வேறு. ஆனால் எது செய்ய வேண்டியது என்பதில் சந்தேகம் இல்லை. அப்பாவுக்கு யாரும் கெட்ட உத்தரவு போடவில்லை. ஒரு பக்கம் தண்ணீர் கேட்கிற பையன், இன்னொரு பக்கம் எட்டுப் பேர், எட்டு வீடு. இதற்கு எந்தப் பாடத்தில் உதாரணம் வைத்திருக்கிறார்கள்?

ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றான். உள்நாட்டுச் சண்டைக்கான விதியைப் படித்துக் காட்டினான். காயம்பட்டவர்களைச் சேகரித்துப் பராமரிக்க வேண்டும். அவ்வளவுதான், முற்றுப்புள்ளி. நாடுகளுக்கு இடையே நடக்கும் போருக்கான விதியில் "முடிந்த எல்லா நடவடிக்கைகளும்" என்று ஒரு வார்த்தை வருகிறது.

முடிந்த. அந்த ஒரு வார்த்தையை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டோமா என்று இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

மருந்து வாங்க டவுனுக்குப் போனேன். திரும்பும் பஸ் வர நேரமிருந்தது. கோட்டை வரை நடந்தேன், கடற்கரையில் உட்கார்ந்தேன்.

பாட்டி சொன்ன கதை இங்கே நடந்ததுதான். 1941 டிசம்பர் 11, ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று தெரியாது. ஐந்தாறு நாளில் வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் யாரும் இல்லை. பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்துதான், நம் ஆள், கோட்டைக்கு வந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கினார், இனிமேலும் குண்டு போடாதீர்கள் என்பதற்காக. அவர் ராணுவம் இல்லை. யாரும் அவரிடம் பொறுப்பைக் கொடுக்கவில்லை.

அந்த அதிகாரிகளும் விட்டுவிட்டுத்தான் போனார்கள், அப்பாவும் விட்டுவிட்டுத்தான் வந்தார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். இல்லை. அப்பா எங்கும் போகவில்லை. விடியும் வரை அங்கேயே இருந்தார், குரல் கேட்கிற தூரத்தில். இது இரண்டும் ஒன்றே இல்லை. யாரிடமாவது இதை உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் காற்றாடி விற்பவர் மட்டும்தான் இருந்தார்.

ஜூலை 28, ஞாயிறு

பையன் நேராகக் கேட்டுவிட்டான். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, காலையில வரைக்கும் அசையாதீங்கன்னு ரேடியோல உத்தரவு வந்துச்சாமே. தைப்பிங் தாத்தா போன்ல சொன்னாரு. நீங்க ஏன் அதைச் சொல்லவே இல்ல?"

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "உத்தரவு ஆறு மணிக்கு வந்துச்சு. நான் நிறுத்தினது அஞ்சே காலுக்கு" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "மத்தவங்களுக்காக நிறுத்தினேனா, எனக்குப் பயமா இருந்துச்சா, அது எனக்கே தெரியலம்மா. அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல" என்றார்.

கஞ்சி ஆறிவிட்டது. 120 மில்லி, கணக்கில் எழுதினேன், அவர் பாதிதான் குடித்தார்.

ஜூலை 31, புதன்

வீரர்கள் தினம். தொலைக்காட்சியில் மலர்வளையம், ஊதுகொம்பு. அப்பா எழுந்து உட்கார முயன்றார், நான் பிடித்துக்கொண்டேன். முடியும் வரை உட்கார்ந்தே இருந்தார்.

எனக்கு ஏழு வயதில் கோலாலம்பூர் அழைத்துப் போய் தேசிய நினைவுச்சின்னத்தைக் காட்டினார். ஏழு வெண்கல உருவங்கள். கொடி பிடித்தவரைத்தான் நானும் அண்ணனும் பார்த்தோம். அப்பா வேறு பக்கம் போய் நின்றார். அங்கே ஒரு வீரர் காயம்பட்ட தோழரைத் தாங்கிப் பிடித்திருப்பார். வெயில் சுட்டது, பசிக்கிறது என்று நான் அழுதேன், அப்பா நகரவே இல்லை. அன்றைக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

ஆகஸ்ட் 1, வியாழன்

500. மூணு மணிக்கு நானாகவே எழுந்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். அப்பா சொல்லித்தான். "போகட்டும். ஆனா தாத்தா பயந்தேன்னு அவன்கிட்டச் சொல்லி அனுப்பு. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பல."

பேனா சரியாக எழுதவில்லை. ரெண்டாம் முறை அழுத்திப் போட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

எடை 1.9. பரவாயில்லை.

நாளைக்கு ஆடி அமாவாசை. வருடா வருடம் அப்பா தனியாகக் கடலுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வருவார். தாத்தா பாட்டிக்கு என்றுதான் நினைத்திருந்தோம். இந்த வருடம் நீ போ என்கிறார். பொம்பளைப் பிள்ளை விடலாமா என்று கேட்டேன். "தாகத்துக்குத் தண்ணி குடுக்க ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?" என்றார்.

மூணு கை விட வேண்டுமாம். முதல் கை தாத்தாவுக்கு, ரெண்டாவது பாட்டிக்கு. "மூணாவதை மட்டும் ரெண்டு எட்டு முன்னால போய் விடும்மா."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். நிறையக் குடும்பங்கள், ஐயர் ஒருவர் வரிசையாக உட்கார வைத்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே போகவில்லை. தள்ளி, பாறை ஓரமாக இறங்கினேன். ரெண்டு கை விட்டேன். அப்புறம் முன்னால் போனேன். கீழே வழுக்கியது, முழங்காலுக்கு மேல் தண்ணீர். அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் வந்துவிட்டேனே என்று அங்கேதான் நினைவுக்கு வந்தது. தம்பி என்று சொல்லி விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்துக்கொண்டிருந்தார். ஈரப் புடவையைப் பார்த்தார்.

"எட்டுச்சாம்மா?"

"எட்டுச்சுப்பா."

இன்று 470. செவ்வாய்க்கிழமை வேன் ஆறரைக்கே வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.