புது வாஷிங் மெஷின் சத்தம் போட்டால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

புது மெஷின் முதல் தடவை ஸ்பின்னுக்குப் போகும்போது வீடே அதிர்ந்தால், பழுதான பீஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அநேகமாக அப்படி இருக்காது. டிரம்மின் அச்சைத் தாங்கும் பேரிங் தேய வருடக்கணக்கில் ஓட வேண்டும். புது மெஷின் போடும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கழற்றாமல் விட்ட போல்ட்டாக இருக்கும், தரையில் ஊன்றாத ஒரு காலாக இருக்கும், அல்லது டிரம்மில் ஒரே பக்கம் ஒதுங்கிய போர்வையாக இருக்கும்.

சத்தத்தை வர்ணிப்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குக் 'கடகட', அதுவே இன்னொருவருக்குத் 'தடதட'. அதனால் என்ன சத்தம் என்பதைவிட எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் உதவும். தண்ணீர் பிடிக்கும்போதா, டிரம் மெதுவாகப் புரளும்போதா, தண்ணீர் வெளியேறும்போதா, ஸ்பின் வேகம் எடுக்கும்போதா? ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்யும் பாகம் வேறு. கூடவே இன்னொரு சோதனை: துணியே போடாமல் 'ரின்ஸ் + ஸ்பின்' மட்டும் ஓட்டிப் பாருங்கள். வெறும் டிரம்மிலேயே சத்தம் வந்தால் மெஷினைப் பொருத்திய விதத்தையோ மெஷினையோ சந்தேகப்படலாம். துணி போட்டால்தான் வருகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள்.

முதலில் பின்பக்கம்

பிரண்ட் லோடு மெஷினில் டிரம்மும் அதைச் சுற்றியுள்ள டப்பும் வெளிப்பெட்டியோடு இறுகப் பொருத்தப்பட்டவை அல்ல. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கும்; கீழே உள்ள டாம்பர்கள் ஆட்டத்தை அடக்கும். கனத்துக்காக டப்போடு கான்கிரீட் கட்டிகளும் பூட்டியிருப்பார்கள். லாரியில் வரும்போது இது அத்தனையும் ஆடி உடையாமல் இருக்க, பின்தகடு வழியாக 3 அல்லது 4 நீளமான போல்ட்களைப் போட்டு டப்பை இறுக்கி அனுப்புவார்கள். இவைதான் டிரான்சிட் போல்ட்கள். இவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் ஸ்பிரிங்கும் டாம்பரும் இருந்தும் இல்லாத கதைதான். டிரம்மின் அதிர்ச்சி முழுவதும் பெட்டிக்கு வந்து, 60 முதல் 75 கிலோ எடையுள்ள மெஷின் ஸ்பின்னில் இடம்விட்டு நகரும். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் பேரிங்கும் தகடும் கெடும். கழற்றாமல் விட்டதால் வந்த சேதத்தை வாரண்டியில் ஏற்கமாட்டார்கள்.

கழற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியோடு வந்த ஸ்பேனரால் (மாடலைப் பொறுத்து 10 முதல் 13 மி.மீ.) இடப்பக்கமாகத் திருகித் தளர்த்த வேண்டும். போல்ட் தளர்ந்ததும் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழலையும் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். போல்ட் மட்டும் கையோடு வந்து, குழல் உள்ளேயே தங்கிவிட்டால், அது பின்னர் நழுவி விழுந்து ஒவ்வொரு ஸ்பின்னிலும் லொடலொடவென்று அடிக்கும். போல்ட்டையும் குழலையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். துளைகளைக் கூடவே தந்திருக்கும் மூடிகளால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வழியாகவும் சத்தம் வெளியே வரும். கழற்றிய போல்ட்களைத் தூக்கிப் போட வேண்டாம். வீடு மாற்றும் நாளில் அவை இல்லாமல் பிரண்ட் லோடை ஆட்டோவில் ஏற்றுவது ஆபத்து.

டாப் லோடில் பொதுவாக இந்தப் போல்ட்கள் கிடையாது. நான்கு மூலைகளிலிருந்து இறங்கும் கம்பிகளில் டப் தொங்கும். அது ஆடாமல் இருக்க அடியில் தெர்மாகோல் அல்லது அட்டைக் கட்டை வைத்திருப்பார்கள். மெஷினை லேசாகச் சாய்த்து அதை எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். எலி புகாமல் இருக்க அடியில் பூட்டும் தகடும் ஒரு சந்தேகப்புள்ளி. அதன் ஸ்குரூ ஒன்று தளர்ந்தாலும் தண்ணீர் சுழலும்போதே படபடக்கும். கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நின்றுவிடும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கால் ஊன்ற வேண்டும்

நம் வீடுகளில் துவைக்கும் இடம், பாத்ரூம், பால்கனி எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். மெஷினுக்கு அந்த வாட்டம் ஆகாது. நான்கு கால்களில் ஒன்று அந்தரத்தில் நின்றால் போதும், ஸ்பின்னில் அந்தக் கால் தரையைத் தட்டித் தட்டி 'டக் டக்' என்று அடிக்கும்.

சோதிக்கும் முறை: மெஷினின் மேல் தகட்டில் எதிரெதிர் மூலைகள் இரண்டில் கை வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகள். ஆட்டம் தெரிந்தால், ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். எதில் லேசாக நுழைகிறதோ அந்தக் கால்தான் தூக்கிக்கொண்டிருக்கிறது. காலின் மேல் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, கால் தரையை நன்றாகத் தொடும்வரை திருகி இறக்குங்கள். மேல் தகட்டின் மீது ரசமட்டத்தை இடவலமாக ஒரு முறையும் முன்பின்னாக ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். (மொபைலில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பை நம்ப வேண்டாம். பின்பக்கக் கேமரா புடைத்திருப்பதால் போனே சாய்ந்துதான் படுக்கும்.) மட்டம் சரியானதும் லாக் நட்டை மேல்நோக்கித் திருகிப் பெட்டியின் அடித்தகட்டோடு இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சில துவைப்புகளிலேயே அதிர்வில் கால் மறுபடி சுழன்று மட்டம் போய்விடும். "டெக்னீஷியன் வந்து சரிசெய்தார், ஒரு மாதத்தில் மறுபடியும் அதே ஆட்டம்" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்த நட்தான் இருக்கும்.

கால்களை எவ்வளவு குறைவாக நீட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. நீண்ட கால் அதிகம் ஆடும். வாட்டம் அதிகமாக இருந்தால் காலை முழுக்க நீட்டிச் சமாளிப்பதைவிட, அந்த இடத்தில் சிமெண்ட் மேடை ஒன்று போட்டுவிடலாம். சக்கரம் வைத்த ஸ்டாண்டைப் பிரண்ட் லோடுக்கு வாங்காதீர்கள். பெருக்கித் துடைக்க வசதிதான், ஆனால் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் அது ஊஞ்சல். ஸ்டாண்ட் வேண்டியே ஆக வேண்டும் என்றால் சக்கரம் இல்லாத, கனமான இரும்பு ஸ்டாண்டை வாங்கி, அதன் கால்களையும் இதே மாதிரி மட்டம் பாருங்கள். ரப்பர் பேடு போட்டால் கீழ் வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும், ஆனால் மட்டம் கெட்ட மெஷினை எந்தப் பேடும் காப்பாற்றாது.

மெஷின் சுவரை உரசவும் கூடாது. பக்கவாட்டில் 2 செ.மீ.யாவது இடைவெளி விடுங்கள். மேலே சோப்பு டப்பா, கிளிப் கூடை, மக்கு எதுவும் இருக்க வேண்டாம். பின்பக்க டிரெயின் குழாய் சுவரில் அடித்துக்கொண்டிருந்தால் கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

துணி செய்யும் வேலை

ஈரத்தில் ஒரு கிலோ எடையுள்ள துண்டு ஒன்று டிரம்மின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். டிரம்மின் ஆரம் சுமார் 25 செ.மீ. நிமிடத்துக்கு 400 சுற்றில் அது டிரம்மை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமம். வேகம் மூன்று மடங்காகி 1,200 சுற்றுக்குப் போனால் விசை ஒன்பது மடங்காகிறது: 400 கிலோ. அதனால்தான் மெஷின் வேகம் எடுப்பதற்கு முன்பே எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணித்து, சரியில்லை என்றால் நிறுத்தி, முன்னும் பின்னும் புரட்டித் துணியைக் கலைத்து, மறுபடி முயல்கிறது. ஸ்பின் 8 நிமிடம் என்று காட்டிவிட்டு 25 நிமிடம் இழுப்பது இதனால்தான். முடியவே முடியாது என்றால் குறைந்த வேகத்தில் சுற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும். துணி சொட்டச் சொட்ட வெளியே வரும்.

ஆகவே ஒற்றைப் போர்வை, ஒற்றைக் கால்மிதி, ஒற்றை ஜீன்ஸ் என்று தனியாகப் போடாதீர்கள். கூட இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்தால் எடை பரவும். பெட்ஷீட்டும் தலையணை உறையும் சேர்ந்து போனால், உறைக்குள் சின்னத் துணிகள் எல்லாம் புகுந்து ஒரே உருண்டையாகிவிடும். உறையின் வாயைப் பொத்தான் போட்டு மூடிவிடுங்கள். புடவை, வேட்டி போன்ற நீளத்துணிகளைத் தளர்வாக மடித்துப் போடுவது நல்லது. டிரம் நிறையத் திணிப்பதும் தப்பு. மேலே ஒரு கை புகும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும்.

டிரம் வேகம் எடுக்கும்போது, சுமார் 100 முதல் 300 சுற்றுக்குள் எங்கோ ஓரிடத்தில் சில விநாடி பெட்டி குலுங்கிவிட்டு அடங்கும். ஸ்பிரிங்கில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு வேகம் உண்டு. மெஷின் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். அடங்காமல் வேகத்தோடு சேர்ந்து குலுக்கலும் கூடினால் நிறுத்துங்கள்.

கேட்டால் பயப்பட வேண்டாதவை

கதவு பூட்டும்போதும், முடிந்து ஓரிரு நிமிடம் கழித்தும் வரும் 'டக்'. துணியின் எடை பார்க்க டிரம் தண்ணீர் இல்லாமல் கொஞ்சம் சுற்றி நிற்பது. டாப் லோடில் துவைப்பிலிருந்து ஸ்பின்னுக்கு மாறும்போது கிளட்ச் போடும் 'கடக்'. டாப் லோடு டிரம்மைக் கையால் ஆட்டினால் விளிம்பில் சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கும். விளிம்பு வளையத்துக்குள் எடைச் சமநிலைக்காக உப்புத் தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறார்கள். சில பிரண்ட் லோடுகளில் அதே வேலைக்கு இரும்புக் குண்டுகள் இருக்கும், வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவை உருளும் சத்தம் கேட்கும். இன்வெர்ட்டர் மோட்டார் மெல்லிய விசில் போல ஊதும். கதவு ரப்பர் புதிதாக இருக்கும்போது துணி உரசிக் கீச்சிடும். சில துவைப்பில் போய்விடும்.

தண்ணீர் பிடிக்கும்போது 'உம்ம்' என்ற ரீங்காரம், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வுடையது. அது நீண்டு, தண்ணீர் மெதுவாக வந்தால், மாடித் தொட்டி மெஷினுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீடுகளில் தொட்டி 3 மீட்டர்தான் மேலே இருக்கும், அதாவது 0.3 பார். அது போதுமா என்பதைக் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அழுத்தத்தோடு ஒப்பிட்டால் தெரியும். போர்வெல் தண்ணீர் என்றால் இன்லெட் வலையில் மணல் சேர்ந்திருக்கும். குழாயைக் கழற்றி, வலையைக் குறடால் இழுத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் நேர்மாறு: வால்வு மூடும் நொடியில் குழாய்க்குள் 'டம்' என்று அடிக்கும். மெஷினுக்குத் தண்ணீர் விடும் டேப்பைப் பாதி மட்டும் திறந்து வையுங்கள். குறையும்.

தண்ணீர் வெளியேறும் கட்டத்தில் கடைசியாகக் கொடகொடவென்று உறிஞ்சும் சத்தம் பம்புக்குள் காற்று கலப்பதால் வருவது. டிரெயின் பம்பின் சத்தம் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருந்தாலும் குழம்ப வேண்டாம். பல மெஷின்களில் உள்ள சின்ன சிங்க்ரனஸ் மோட்டார் எந்தப் பக்கமும் சுற்றத் தொடங்கும். பம்பிலிருந்து கரகரவென்று வந்தால்தான் பார்க்க வேண்டும். ஊக்கு, சில்லறை, சட்டைப் பொத்தான் ஏதாவது மாட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, முன்பக்கம் கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து, தட்டு வைத்துத் தண்ணீரை வடித்து, ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். உள்ளே டார்ச் அடித்தால் சின்ன விசிறி தெரியும். அதைச் சுற்றி நூலோ முடியோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியவை

இரும்பு இரும்பை உரசும் சத்தம், கருகல் வாடை, எண்ணெய்க் கறை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெறும் டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் 'கர்' என்று உரசினால் டிரம்முக்கும் டப்புக்கும் இடையில் ஏதோ விழுந்திருக்கிறது. உள்ளாடைக் கம்பி இப்படித்தான் உள்ளே போகும். ஒவ்வொரு சுற்றிலும் பல இடங்களில் சமமாகத் தடங்கித் தடங்கிச் சுற்றுவது மட்டும் என்றால், டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் டிரம்மை நேரடியாகச் சுற்றும்) மோட்டாரின் காந்தங்கள் இழுப்பதுதான், அது இயல்பு. அடுத்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டப்போடு சேர்ந்து ஆடினால் சரி. டிரம் மட்டும் தனியாக லொடக் என்று ஆடினால், ஸ்பின்னில் வேகத்தோடு உயரும் உறுமலும் சேர்ந்திருந்தால், அது பேரிங். புது மெஷினில் அபூர்வம், ஆனால் இருந்தால் வாரண்டியில் டிரம் யூனிட்டையோ மெஷினையோ மாற்றக் கேளுங்கள். நீங்களாகத் தகட்டைக் கழற்றாதீர்கள்.

புகார் கொடுக்கும் முன் வெறும் டிரம்மில் ஓட்டி வீடியோ எடுங்கள். போனை மெஷின் மேல் வைக்காமல் ஓர் அடி தள்ளிப் பிடித்து, கட்டமும் மீதி நேரமும் காட்டும் திரை தெரியும்படி எடுக்க வேண்டும். "சத்தம் வருகிறது" என்று மட்டும் பதிவு செய்தால் வந்தவர் துவைப்பு கட்டத்தை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்து "நார்மல்தான் சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். "வெறும் டிரம்மில், 800 சுற்றுக்கு மேல், உறுமல்" என்று எழுதச் சொல்லுங்கள், அவர் எதிரிலேயே முழு ஸ்பின்னையும் ஓட்டிக் காட்டுங்கள், சர்வீஸ் சீட்டில் அவர் பார்த்ததை எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.