வியன்னாவில் வாதம், பாரிஸில் சமரசம்

சட்டக் கல்லூரியில் மூட் கோர்ட் எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டி என்றாலே, மேடையில் நிமிர்ந்து நின்று பேசுகிறவர்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிவார். அவர் பேசும் கால் மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கும் பல மாத எழுத்து வேலையும், அதைச் செய்து முடித்தவர்களும் வெளியே தெரிவதில்லை. சர்வதேசப் போட்டிகளுக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. நான் முதலில் வியன்னாவில் நடக்கும் வில்லெம் சி. விஸ் சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷன் மூட் போட்டிக்குப் போனேன். ஆர்பிட்ரேஷன் என்றால், வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் நடுவர்களிடம் தீர்ப்புப் பெறுவது. அடுத்த ஆண்டு, பாரிஸில் சர்வதேச வணிகச் சபையான ஐசிசி நடத்தும் சமரசப் போட்டியில் கலந்துகொண்டேன். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே நண்பர்கள்தான் என்னுடன் இருந்தார்கள்.

எந்தப் போட்டியைத் தேர்ந்தெடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். பொதுச் சர்வதேசச் சட்டத்தில் ஈடுபாடு இருந்தால் ஜெஸ்ஸப் என்னும் மூட் போட்டியே சிறந்தது. 1960 முதல் நடந்துவரும் அந்தப் போட்டியில் இரண்டு கற்பனை நாடுகள் சர்வதேச நீதிமன்றத்தின் முன் வழக்காடும். விஸ் வேறு உலகம். அங்கே இரண்டு நிறுவனங்கள், ஒரு விற்பனை ஒப்பந்தம், மூன்று நடுவர்கள். எங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் பிடித்திருந்ததால் விஸ் பக்கம் போனோம்.

அக்டோபர் தொடக்கத்தில் வழக்குக் கோப்பு வெளியாகும். முதல் வாசிப்பில் அது சலிப்பூட்டும். ஒரு கோரிக்கை மனு, அதற்கு ஒரு பதில், ஒப்பந்தத்தின் சில ஷரத்துகள், மின்னஞ்சல்கள், சாட்சிகளின் வாக்குமூலங்கள், நடுவர் மன்றத்தின் உத்தரவு. கோப்பு வந்த கையோடு சட்டப் புத்தகத்தைத் திறக்காதீர்கள் என்பதே என் முதல் யோசனை. நாங்கள் ஒரு பெரிய அட்டவணை போட்டோம்: தேதி, அன்று நடந்தது, அது யாருக்குத் தெரியும், கோப்பில் எந்தப் பக்கம். இந்த அட்டவணையைத் தயாரித்தவள் எங்கள் அணியிலேயே மிகக் குறைவாகப் பேசும் தோழி. ஏதோ ஒரு மின்னஞ்சலின் கடைசி வரியில், போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு தேதியை அவள்தான் கண்டுபிடித்தாள். சரக்கில் குறை இருப்பதை வாங்கியவர் எப்போது அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி முழுவதும் அந்தத் தேதியைச் சுற்றித்தான் நின்றது.

விஸ் வழக்குகளுக்கு முதுகெலும்பு, சர்வதேசச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை. அதுவும் வியன்னாவில் உருவானதுதான். அதன் 39-ஆவது பிரிவின்படி, குறையைக் கண்டறிந்த நேரத்திலிருந்தோ, கண்டறிந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்தோ நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் வாங்கியவர் உரிமையை இழப்பார். சரக்கு கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு உத்தரவாதக் காலம் இல்லாதவரை, பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ‘நியாயமான காலம்’ என்பது எத்தனை நாள் என்று உடன்படிக்கை சொல்லவில்லை. 7-ஆவது பிரிவு, உடன்படிக்கையின் சர்வதேசத் தன்மையையும் ஒரே சீரான நடைமுறையின் தேவையையும் மனத்தில் கொண்டு பொருள் கொள்ளச் சொல்கிறது. ஆகவே நம் நாட்டுத் தீர்ப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போனால் பாதி வேலைகூட முடிந்திருக்காது.

அப்படித் தேடியபோது கிடைத்தவற்றில் நான் மிகவும் நேசித்த வழக்கு, ஜெர்மானியக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1995 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்த நியூசிலாந்து மட்டி வழக்கு. சுவிட்சர்லாந்து வியாபாரி ஒருவர் ஜெர்மனியில் உள்ளவருக்கு மட்டி என்னும் கடல் சிப்பி உணவை விற்றார். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம், ஜெர்மன் சுகாதாரத் துறை பரிந்துரைத்த அளவைவிட அதிகமாக இருந்தது. வாங்குபவரின் நாட்டில் உள்ள பொதுச் சட்ட விதிகளை விற்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை என்றது நீதிமன்றம். கூடவே சில விதிவிலக்குகளையும் சுட்டிக்காட்டியது: அதே விதி விற்பவரின் நாட்டிலும் இருந்தால், வாங்குபவர் முன்பே அதை எடுத்துச் சொல்லியிருந்தால், அல்லது விற்பவருக்கு அந்த நாட்டில் கிளை இருப்பது போன்ற சிறப்புக் காரணங்களால் அந்த விதி தெரிந்திருக்க வேண்டும் என்றால்.

டிசம்பரில் வாதித் தரப்பு மனுவை எழுதும்போது, வாங்கியவருக்காக அந்த விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினோம். அதன்பின் இன்னொரு பல்கலைக்கழகத்தின் வாதி மனு எங்களுக்கு வந்தது. ஜனவரிக்குள் அதற்கு எதிர்வாதியாகப் பதில் எழுத வேண்டும். இப்போது அதே தீர்ப்பின் பொது விதியைப் பிடித்துக்கொண்டு, நாங்களே நம்பி எழுதிய விதிவிலக்குகளை உடைக்க வேண்டியிருந்தது. விஸ் போட்டியின் உண்மையான கல்வி இந்த இரண்டு மாதங்களில்தான் நடக்கிறது என்பேன். எங்களுக்கு வந்த மனு எங்களுடையதைவிடச் சிறப்பாக இருந்தது. முகம் தெரியாத சில மாணவர்கள், நாங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஒரு ஷரத்தை வைத்து அழகான வாதம் ஒன்றை அமைத்திருந்தார்கள். அதைப் படித்த இரவில் எனக்கு எழுந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

வாய்மொழிப் பயிற்சியில் உருப்படியாகக் கற்றது இரண்டு விஷயங்கள். நடுவர் கேள்வி கேட்டால் முதல் சொல் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று இருக்க வேண்டும்; காரணம் அடுத்த வாக்கியத்தில் வரலாம். இன்னொன்று, எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அறைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முயல்கிறவரை நடுவர்கள் சீக்கிரமே நம்ப மறுக்கிறார்கள். ‘அந்தக் கூற்று எங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதை ஏற்கிறோம். ஆனால் அது இல்லாமலும் எங்கள் வாதம் நிற்கும்’ என்று ஒரு முறை சொன்னபோது, அதுவரை கடுமையாக இருந்த நடுவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முன்பு வியன்னா பல்கலைக்கழகத்தின் யூரிடிகம் கட்டடத்துக்குப் போய் நின்றோம். 300-க்கும் மேற்பட்ட அணிகள். ஒவ்வொரு அணிக்கும் நான்கு பொதுச் சுற்றுகள், இரண்டு முறை வாதியாகவும் இரண்டு முறை எதிர்வாதியாகவும். நடுவர்களின் சட்ட மரபு எதுவோ அதற்கேற்ப அறையின் தட்பவெப்பமே மாறுகிறது. ஒரு அறையில் இரண்டாவது வாக்கியத்திலேயே கேள்வி பாய்ந்தது. அடுத்ததில் மூவரும் கடைசிவரை அமைதியாகக் கேட்டார்கள். அமைதிதான் கடினம். கேள்விகளுக்கு மட்டுமே தயாராகிப் போகிறவர் அங்கே திணறுவார். அடுத்த கட்டத்துக்குப் போகும் 64 அணிகளில் நாங்கள் இல்லை. அதற்காக வருந்தியது ஒரு மாலைப் பொழுதுதான். மறுநாள் எலிமினேஷன் சுற்றுகளைப் பார்வையாளர்களாக உட்கார்ந்து பார்த்து நிறைய எழுதிக்கொண்டோம்.

விசா, பதிவுக் கட்டணம், பயணச் செலவு ஆகியவற்றைப் பற்றி ஒன்றே ஒன்று: டிசம்பர் மனுவை அனுப்பியவுடன் தொடங்கிவிடுங்கள். ஜனவரி மனு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாரிஸ் போட்டி 2006 முதல் நடக்கிறது, காலம் பிப்ரவரி. அங்கே நடுவர் தீர்ப்பு சொல்வதில்லை. தொழில்முறைச் சமரசர் ஒருவர் மேசையில் இருப்பார். ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் நிறுவனத்தின் பிரதிநிதியாகவும் ஒருவர் வழக்கறிஞராகவும் உட்காருவார்கள். மதிப்பெண் போடுகிறவர்கள் தனியாக அமர்ந்து கவனிப்பார்கள். இரு தரப்புக்கும் பொதுவான வழக்கு விவரத்தோடு, உங்கள் தரப்புக்கு மட்டுமே தெரிந்த ரகசியத் தாள் ஒன்றும் கிடைக்கும். அந்தத் தாள்தான் எல்லாம். அதில் இருப்பதை மூன்றாகப் பிரித்தோம்: எதிர்த் தரப்பிடம் நேராகச் சொல்லலாம் என்பவை, தனி அமர்வில் சமரசரிடம் மட்டும் சொல்லத்தக்கவை, யாரிடமும் சொல்லக் கூடாதவை. முதல் வகையில் எவ்வளவு அதிகமாக வைக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது என்பது பயிற்சியிலேயே புரிந்தது. எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் எதிர்த் தரப்பும் பூட்டிக்கொள்கிறது.

மூட் போட்டியில் முன்னணியில் நின்ற பேச்சாளர்களை அப்படியே சமரசப் போட்டிக்கு அனுப்பும் வழக்கம் பல அணிகளில் இருக்கிறது. அது சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தொடக்க உரையிலேயே ஒப்பந்தத்தின் ஷரத்து எண்களை அடுக்கும் அணிகளைப் பாரிஸில் பார்த்தேன். தீர்ப்பு சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அந்த வாதம் யாரிடம் போய்ச் சேரும்? எதிரே இருப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளுவதைத் தவிர அதனால் பயன் இல்லை. பிரதிநிதியாக உட்காருகிறவர் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும்: எது நின்றுபோனது, அடுத்த ஆண்டு எது வேண்டும், எந்த வாடிக்கையாளரை இழக்க முடியாது.

எங்கள் அணியில் அந்த இடத்தில் அட்டவணைத் தோழியை உட்கார வைத்தோம். ஒரு சுற்றில் எதிர்த் தரப்பு நஷ்டஈட்டுத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வழக்கறிஞராக இருந்த எனக்குப் பதில் கணக்கு சொல்லத் துடிப்பாக இருந்தது. அவள் என் பக்கம் மெல்லக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எதிரே இருந்தவரைப் பார்த்து, ‘சரக்கு தாமதமானபோது உங்கள் நிறுவனத்தில் முதலில் உங்களிடம் வந்து கேள்வி கேட்டவர் யார்?’ என்றாள். எதிர்த் தரப்புப் பிரதிநிதி சற்று யோசித்துவிட்டு, தங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர் என்றார். அந்த வாடிக்கையாளரிடம் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கலாமா, அடுத்த சில சரக்குகளுக்கு முன்னுரிமை தரலாமா என்று பேச்சு அதன்பின் வேறு பாதையில் போனது. தொகை கடைசியில்தான் வந்தது, அதுவும் சிறியதாக. அந்தக் கேள்வியை அவள் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் யாருக்கு எது எப்போது தெரியும் என்று அட்டவணை போட்டுப் பழகிய மனத்துக்குத்தான் அது தோன்றும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தம் முடிவானால்தான் மதிப்பெண் என்று எண்ணி அவசரப்பட வேண்டாம். நலன்களை எப்படி முன்னெடுத்தீர்கள், சமரசரை எப்படிப் பயன்படுத்தினீர்கள், இருவரும் ஒரே அணியாகச் செயல்பட்டீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். 2020 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர் உடன்படிக்கையையும் ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். சமரசத்தில் எட்டப்பட்ட வணிக உடன்பாடுகளை நாடு கடந்து நிறைவேற்ற வழி செய்யும் உடன்படிக்கை அது. ‘இந்த உடன்பாட்டை நாளை எப்படி நடைமுறைப்படுத்துவீர்கள்?’ என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கும்.

இப்போது அணி அமைக்கிறவர்களுக்கு: தேர்வை வெறும் பேச்சுப் போட்டியாக நடத்தாதீர்கள். ஒரு பழைய வழக்குக் கோப்பைக் கொடுத்து, ஒரு நாளுக்குள் தேதி அட்டவணை தயாரிக்கச் சொல்லுங்கள். இன்னொரு நாள் இருவர் இருவராக உட்கார வைத்து, எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். செப்டம்பருக்குள் இதை முடித்தால், அக்டோபரில் கோப்பு வரும்போது யார் எங்கே உட்கார வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.