'உண' போச்சு, 'வகம்' மட்டும் மிச்சம்
தாராவி 90 அடி ரோட்டில் நம்ம கடைக்குப் போட்ட எல்ஈடி போர்டு முதல் மழைக்கே பல்லிளித்துவிட்டது. 'உணவகம்' என்பதில் 'உண' அணைந்துபோய் மூன்று நாளாக 'வகம்' மட்டும் மினுங்குகிறது, எதிர்க்கடை அண்ணன் என்னை இப்போது 'வா வகம்' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் விளக்கில் கோளாறே இல்லை. வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை இரண்டில் ஒன்று செத்திருந்தது. அதன் பங்குக்கு ஒன்றரை வாட் மாட்யூல் (எழுத்துக்குள் ஒட்டும் குட்டி எல்ஈடி கட்டை) 60, ஆக 90 வாட். அதற்கு 100 வாட் சப்ளையை மாட்டி, காற்றே போகாத டப்பாவில் வேறு அடைத்து வைத்தால் அது வேகாமல் என்ன செய்யும்? 120 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள், 150 என்றால் நிம்மதி.

அப்புறம் ஜாயிண்ட். மாட்யூல் ஐபி67தான், அதாவது தூசி, தண்ணீர் புகாத தரம், கொஞ்ச நேரம் தண்ணீரில் முக்கினாலும் தாங்கும், ஆனால் ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், பிரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது! எழுத்துக்கு அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டைகூட இல்லை.

12 வோல்ட் ஒயரை ஒரே நீளமாக இழுத்தால் கடைசி எழுத்து மங்கும், இரண்டு முனையிலும் சப்ளை கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே மராத்தி எழுத்தும் போட்டாக வேண்டும், அந்த வாட்டையும் கணக்கில் சேருங்கள்.

சரி, நாளைக்கு லோஹார் சால் எலக்ட்ரிக் மார்க்கெட்டுக்குப் போகிறேன், யாருக்காவது சப்ளை வேண்டுமென்றால் இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்.