அனாமத்துக் கணக்கு

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

இரவு எட்டு மணிக்கு மேல் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அப்பாவுடன் ஒருவரை மட்டுமே இருக்க விடுகிறார்கள். அம்மா இருக்கிறார். நான் கடைசிப் பேருந்தில் திருமங்கலம் திரும்பி, அப்பாவின் மளிகைக் கடையின் பின்கதவைத் திறந்து, கல்லாவுக்குக் கீழே இருந்த சிட்டைகளையும் பற்று நோட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேலாண்மைக் கணக்கியல் உள்தேர்வு வெள்ளிக்கிழமை. நிறுமக் (கம்பெனி) கணக்கியல் விடைத்தாளின் மறுமதிப்பீட்டு முடிவு இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

புதிய வருமான வரி மசோதா இன்று மக்களவையில் அறிமுகமானது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வரப்போகும் அதில் 536 பிரிவுகளும் 23 அத்தியாயங்களும் இருப்பதாகவும், ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரண்டும் நீங்கி ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே நிற்கும் என்றும் பேராசிரியர் சொன்னார். ஓர் ஆண்டில் ஈட்டியதற்கு அடுத்த ஆண்டில் வரி என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்தாம் பருவத்தில் ஒரு மாதம் பிடித்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த இரண்டு சொற்களும் பெரிய மதில். எங்களுக்குப் பின் வருபவர்களுக்காவது அது இருக்காது என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஏப்ரல் தேர்வு பழைய சட்டத்தின்படிதான்.

மாலையில் அப்பா வெகுநேரம் கண் திறந்து பார்த்தார். மருத்துவர் வலது கையைத் தூக்கச் சொன்னபோது அது அசையவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடையைத் திறந்தோம். சித்தப்பா கல்லாவில் உட்கார்ந்தார். மருத்துவமனைக்கு மதியம் 18,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது, கல்லாவிலிருந்து எடுத்தோம். அதைச் சித்தப்பா ‘செலவு’ என்று சிட்டையில் எழுதிவிட்டார். நான் அடித்துவிட்டு ‘எடுப்புகள்’ என்று எழுதினேன். நிறுவனம் வேறு, உரிமையாளர் வேறு. உரிமையாளரின் உடம்புக்குக் கடை செலவு செய்யவில்லை, உரிமையாளர் தம் மூலதனத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். பதினோராம் வகுப்பில் முதல் பாடமாகப் படித்த இந்தத் தனித்தன்மை அனுமானத்தைச் சித்தப்பாவிடம் விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

நிறுமக் கணக்கியலில் எனக்கு விழுந்தது 75க்கு 28. தேவை 30.

பிப்ரவரி 21, வெள்ளி

உள்தேர்வை நன்றாகவே எழுதினேன் என்று கடந்த வாரம் நினைத்தேன். இப்போது அந்த நினைவே மங்கிவிட்டது, ஏனென்றால் ஐந்து இரவுகளாக வேறொரு கணக்கில் கிடக்கிறேன். கடன் விற்பனையைக் கடைப் பையன் பகலில் சிட்டையில் எழுதுவான்; இரவு கடை சாத்திய பிறகு அப்பா அதைப் பார்த்து, ஒவ்வொருவர் பெயரிலும் பற்று நோட்டில் ஏற்றுவார். முப்பது ஆண்டுகளாக அதுதான் வழக்கம். கடந்த ஏப்ரல் முதல் உள்ள சிட்டைகளைக் கூட்டி, தொடக்கப் பாக்கியைச் சேர்த்து, வசூலைக் கழித்தால், வர வேண்டிய பாக்கி 1,87,770 ரூபாய். பற்று நோட்டில் உள்ள 84 பேரின் பாக்கியைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 1,86,420. வித்தியாசம் 1,350.

பற்றுக்குப் பதில் வரவில் என்று பக்கம் மாறி எழுதப்பட்ட தொகையானால் வித்தியாசம் அதன் இரு மடங்காக வரும், ஆகவே பாதியைத் தேட வேண்டும்: 675. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 54ஐ 45 என்று எழுதியதுபோல இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும்: 1,350ஐ 9ஆல் வகுத்தால் 150, மீதி இல்லை. இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. இரவு ஒரு மணி வரை 675ஐத் தேடினேன். இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டும் சரியான பக்கத்திலேயே இருக்கின்றன. இப்போதைக்கு 1,350ஐ அனாமத்துக் கணக்கில் வைத்திருக்கிறேன். கல்லூரியில் அதற்கு ‘சஸ்பென்ஸ்’ என்று பெயர். பிழை அகப்படும் வரை அந்தக் கணக்கை மூட முடியாது.

பிப்ரவரி 27, வியாழன்

நிதி மேலாண்மை வகுப்பில் சிக்கன ஆணை அளவு: ஒருமுறைக்கு எவ்வளவு சரக்கு வரவழைத்தால் மொத்தச் செலவு குறையும் என்ற கணக்கு. பயிற்சிக்கு எங்கள் கடைச் சர்க்கரையை எடுத்துக்கொண்டேன். ஆண்டுத் தேவை 2,400 கிலோ, ஒருமுறை வரவழைக்க வண்டிக்கூலி முதலியன 150 ரூபாய், ஒரு கிலோவை ஓராண்டு வைத்திருக்க 2 ரூபாய். ஆண்டுத் தேவையையும் ஆணைச் செலவையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வைத்திருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 600 கிலோ. அதாவது பன்னிரண்டு மூட்டை, ஆண்டுக்கு நான்கு முறை. அப்பா வாரம் ஒரு மூட்டை எடுப்பவர்.

மாலையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து இதைச் சொன்னேன். பேச்சு இன்னும் குழறல்தான், என்றாலும் கவனமாகக் கேட்டார். பன்னிரண்டு மூட்டை என்றதும் இடது கையைத் தூக்கி ஒரு விரலை மட்டும் காட்டினார். நான் மீண்டும் சூத்திரத்தைச் சொன்னேன். அவர் மீண்டும் அதே ஒரு விரல். வீட்டுக்கு வரும் வழியில்தான் விளங்கியது: மொத்தக் கடைக்காரர் எங்களுக்கு ஒரு வாரம் தவணை தருகிறார், ஒரு மூட்டையை அந்த ஒரு வாரத்தில் விற்று அந்தப் பணத்திலேயே அவருக்குக் கட்டிவிடலாம், சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூடச் சர்க்கரையில் முடங்காது. பன்னிரண்டு மூட்டையை அதே ஒரு வாரத்தில் யாரிடம் விற்பது? பின்கட்டு மழைக்கு ஒழுகும் என்பதும் சூத்திரத்தில் இல்லை. தேர்வில் 600 என்றுதான் எழுதுவேன். ஆனால் இதை விடைத்தாளில் எழுத ஓர் இடம் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மார்ச் 3, திங்கள்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

மார்ச் 5, புதன்

தணிக்கை வகுப்பு முழுவதும் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். தணிக்கையாளர் வங்கியிடமிருந்தே நேராக உறுதிக் கடிதம் பெற வேண்டும், நிறுவனம் நீட்டும் காகிதத்தை நம்பக்கூடாது என்பதே பாடத்தின் சாரம். வெளியில் இருப்பவரிடம் கேள், அவர் சொல்வதை உன் ஏட்டோடு ஒப்பிடு. பேருந்தில் வரும்போது அந்த 84 பேரையும் நினைத்துக்கொண்டே வந்தேன். நானோ சிட்டைகளை ஏப்ரலில் தொடங்கி வரிவரியாக ஒப்பிட்டு அக்டோபர் வரைதான் வந்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பற்று நோட்டுடன் கிளம்பினேன். பாக்கி கேட்க வரவில்லை, உங்கள் கணக்கில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் முதலிலேயே சொன்னேன். நோட்டில் உள்ள தொகையை நான் சொல்லவில்லை. அவர்களைச் சொல்லவிட்டு, பிறகு பார்த்தேன். பலர் சரியாகவே சொன்னார்கள். சிலர் நூறு இருநூறு குறைத்துச் சொன்னார்கள், சிட்டையைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் அப்பாவைக் கேட்டார்கள். இரண்டு வீடுகளில் காப்பி கொடுத்தார்கள்.

பள்ளிவாசல் தெருத் தையல்கார அக்காவிடம் போனபோது மணி பதினொன்று. அவர் பெயரில் 150 இருந்தது. அவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “ஆயிரத்து ஐந்நூறு பாப்பா. பொங்கலுக்கு வாங்கின சாமான். ஐயா வரட்டும்னுதான் வெச்சிருக்கேன்” என்றார். ஆயிரத்து ஐந்நூறு, நூற்றைம்பது, வித்தியாசம் 1,350. சுழியம் ஒன்று விடுபட்டாலும் வித்தியாசம் 9இன் மடங்காகவே வரும். பிப்ரவரி 21 அன்று நான் 9ஆல் வகுத்துக் கண்ட 150தான் அப்பா எழுதிய தொகை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மாறினால் 150 என்ற ஈவு வரவே வராது என்பதையும் அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். விடையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பதினாறு நாள் தேடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். ஜனவரி 9. கடைசி எண்ணுக்குப் பின் பேனா காகிதத்தை அழுத்தி, கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மை இல்லை, தடம் மட்டும் இருக்கிறது. அதற்கு முந்தைய வரிகளில் எல்லாச் சுழியமும் வட்டமாக மூடியிருக்கின்றன. ஜனவரி 9க்குப் பிறகு வரும் பக்கங்களில் பல சுழியங்கள் மேலே திறந்திருக்கின்றன. அப்பா விழுந்தது பிப்ரவரி 6. இடையில் நான்கு வாரங்கள். ஒவ்வொரு இரவும் நான் அதே அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அனாமத்துக் கணக்கை மூடினேன். அடுத்து ஐயக்கடன், அதாவது வருமோ வராதோ என்ற பாக்கி. நோட்டில் மூன்று பக்கங்களின் மூலையை அப்பா மடித்து வைத்திருக்கிறார்: ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. மூன்றும் சேர்த்து 6,270 ரூபாய். முறைப்படி அதை வாராக்கடன் என்று கணக்கிலிருந்து நீக்கிப் போக்கெழுத வேண்டும். மிச்சமுள்ள 1,81,500 ரூபாயில் 5 சதவீதம், 9,075 ரூபாய், ஐயக்கடன் ஒதுக்காக வைக்க வேண்டும். வரக்கூடிய நட்டத்துக்கு முன்பே ஒதுக்கு, வரக்கூடிய இலாபத்தைக் கையில் வரும் வரை கணக்கில் எடுக்காதே என்பது முன்னெச்சரிக்கைக் கொள்கை. அப்பாவிடம் காட்டி, போக்கெழுதலாமா என்று கேட்டேன். அவர் மூன்று பக்கங்களையும் பார்த்துவிட்டு, இடது கையால் நோட்டை மூடினார். என் ஏட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன். அவருடைய நோட்டில் கோடு போடவில்லை.

ஆறு மாதத்தில் எந்த அளவுக்குத் திரும்புகிறதோ அதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று மருத்துவர் வலது கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் எந்த ஒதுக்கும் வைக்கப் போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

மறுமதிப்பீட்டில் 29.

மார்ச் 22, சனி

நிறுமக் கணக்கியலுக்கு மீண்டும் தேர்வுக் கட்டணம் கட்டினேன். யார் மீதும் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். எந்தக் கணக்கில் எந்தப் படி தவறு என்று அந்த விடைத்தாளில் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. பிழை எங்கே என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

மார்ச் 31, திங்கள்

ஆண்டு முடிவு. ரம்ஜான் விடுமுறை. கடையைச் சாத்திவிட்டுச் சரக்கிருப்பு எடுத்தோம். அப்பா வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சித்தப்பா எடை போட, நான் எழுதினேன். 14 கிலோ துவரம்பருப்பில் வண்டு விழுந்திருந்தது. அடக்கவிலை கிலோ 140. மாட்டுத் தீவனத்துக்கு விற்றால் 40. இரண்டில் எது குறைவோ அதைத்தான் சரக்கிருப்பில் காட்ட வேண்டும், ஆகவே 1,960 ரூபாய்ச் சரக்கை 560 என்று எழுதினேன். அப்பா தலையசைத்தார். இந்த ஒன்றில் அவருக்கும் பாடப்புத்தகத்துக்கும் வேறுபாடு இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி தொகுப்பு வரிப் படிவத்தை 18ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். வரி விதிக்கத்தக்க விற்பனையில் 1 சதவீதம். சில்லறையாக அளந்து விற்ற அரிசி, பருப்பைத் தனியே பிரித்தாக வேண்டும், பொட்டலத்தில் பெயர் ஒட்டி வந்தவற்றை மறுபக்கம் சேர்க்க வேண்டும். பையன் சிட்டையில் ‘அரிசி’ என்று மட்டும் எழுதியிருக்கிறான். மூன்று மாதச் சிட்டைகளையும் திரும்பப் பிரிக்க வேண்டும். தேர்வு நுழைவுச்சீட்டு வந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

ஒரு நிறுமம் இன்னொன்றை வாங்கித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் உள்ளீர்ப்புக் கணக்குகள் நான்கைப் போட்டேன். மூன்று சமன்பட்டன.

இரவு கல்லாவை எண்ணியபோது சிட்டையைவிட 90 ரூபாய் கூடுதலாக இருந்தது. பாதி 45. ஒன்பதால் வகுத்தால் 10, மீதி இல்லை. அப்பா விழித்திருக்கிறார், சிட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்