இருபது இளம் சிவப்பணுக்கள்

நீலகிரியின் கூடலூரில் ஆடி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஆய்வகத்தில் ரத்தப் படலம் லேசில் காயாது. ஈரம் உறிஞ்சிய மெத்தனாலில் ஸ்லைடை நனைத்தால், சிவப்பணுக்களில் மினுங்கும் புள்ளிகள் விழுந்து கண்ணை ஏமாற்றும். அரிவாள் செல் ரத்தநோயைக் கண்டறியக் கரைசலில் சேர்க்கும் சோடியம் டைதயோனைட் தூள் இன்னும் மோசம். டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் தூள் வீணாகிவிடும். அந்தச் சோதனையில், ரத்தத்தில் நோய்க்கூறு இருந்தால், குழாய்க்குப் பின்னால் பிடிக்கும் காகிதத்தின் கறுப்புக் கோடுகள் மறையும் அளவுக்குக் கரைசல் கலங்க வேண்டும். கெட்டுப்போன தூளில் நோயாளியின் ரத்தமும் தெளிவாகவே நிற்கும். அதனால் நோய் உறுதியான ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைக்காமல் நான் இந்தச் சோதனையைத் தொடுவதே இல்லை.

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் செல் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். ஹீமோகுளோபினின் ஒரு புரதச் சங்கிலியான பீட்டா குளோபினில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின், அவ்வளவுதான் மாற்றம். ஆக்சிஜன் குறைந்ததும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சிவப்பணு நோய் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஒருநாள் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி, கைகால் வலியில் துடித்த பேத்தியைத் தூக்கி வந்தார். இயந்திரம் வெள்ளையணு 24,000 என்று காட்டியது. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"ஸ்மியர் பாத்தீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

பார்க்கவில்லை. திரும்பி வந்து, ரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் வைத்து உட்கார்ந்தேன். நூறு வெள்ளையணுக்களை எண்ணி முடிப்பதற்குள், கரு உதிராத இளம் சிவப்பணுக்கள் இருபது வந்துவிட்டன. சிவப்பணுக்கள் அழிய அழிய, ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை அரைகுறையாக அனுப்பிவைத்த பிள்ளைகள். கரு இருந்ததால் இயந்திரம் அவற்றையும் வெள்ளையணுக் கணக்கில் சேர்த்துவிட்டது. 24,000-ஐ 100-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தேன். 20,000. திருத்திய அறிக்கையைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதுவும் அதிகம்தான். ஆனால் இந்த நோயில் கிருமித் தொற்று இல்லாமலேயே வெள்ளையணு கூடி நிற்பது உண்டு. நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள, வளைந்த அணுக்கள் அவற்றில் சிக்கி வழி அடைபடுகிறது. இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, தாய் வயிற்றில் இருக்கும்போது உள்ள கருப்பருவ ஹீமோகுளோபினைக் கூட்டுவதோடு நியூட்ரோஃபிலையும் குறைக்கிறது. அளவுக்கு மீறிக் குறைந்தால் ஆபத்து. எனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்த அணுக்களை விடாமல் எண்ண வேண்டும். மழையில் மலைப்பாதை ஏறி வந்து ஊசி குத்திக்கொள்ளும் குழந்தைக்கு நான் கொடுக்கும் எண் சரியாக இருந்தாக வேண்டும்.

அந்தப் பெண் இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். போன மாதம் நுண்ணோக்கியில் தானும் பார்க்க வேண்டும் என்றாள். ஸ்டூலில் ஏற்றிவிட்டேன். "அக்கா, கொழுந்து மாதிரி இருக்கு" என்று நீண்டு கூரான ஓர் அணுவைச் சொன்னாள். பக்கத்தில் நீல ஊதாக் கருவோடு ஒரு நியூட்ரோஃபில் இருந்தது. "இது யாரு?" என்றாள்.