வெள்ளி பெயிண்ட் அடித்த சைலன்சர்

என் மச்சினன் துபாயில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பார்க்கிறான். லீவுக்குப் பாலக்கோடு வந்தால் கை சும்மா இருக்காது. கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்தில் படகுக்கு எங்கே போவது? அதனால் எங்கள் வீட்டில் ஓடுகிற எதுவும் அவனுக்குப் படகுதான். போன லீவில் மிக்ஸி. இந்தத் தடவை அப்பாவின் மொபெட்.

அந்த மொபெட் பால் சொசைட்டிக்குக் கிளம்பினால் தெருவே எழுந்துவிடும். ஆனால் சைலன்சர் பார்க்கப் புதுசாக இருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா அதற்கு வெள்ளி பெயிண்ட் அடித்துவிடுவார்.

"இதை மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு மாமா?"

"எதுக்கு மாத்தணும்? பளபளன்னுதானே இருக்கு?"

போதாதா? திண்ணையிலேயே படகுப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. படகு எஞ்சினில் புகை போகிற மேனிஃபோல்டும் ரைசரும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டைத் தணிக்க அதன் சுவரைச் சுற்றியே கடல் தண்ணீர் ஓடும். இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு சுவர்தான். உப்பு அதை உள்ளேயே அரித்துக்கொண்டிருக்க, வெளியே பெயிண்ட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னும். சுவர் ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாதே! காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் முட்டி நின்று கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் கடலில் ஓடுகிற பெட்ரோல் எஞ்சினுக்கு 5, 6 வருஷம் ஆனாலே கழற்றிப் பார்த்து மாற்றிவிடுவார்களாம். ஏரித் தண்ணீரில் ஓடுவது இன்னும் பல வருஷம் தாங்கும். இணைப்பில் துரு வழிந்த கோடு, வழக்கத்தைவிட அதிகச் சூடு, ஸ்பார்க் பிளக்கில் ஈரம், இதில் எது தெரிந்தாலும் வருஷக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

"நம்ம வண்டி கடலுக்கா போகுது மாப்ளே?"

"சொசைட்டிக்கு மட்டும் போறதுதான் மாமா வம்பு. பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் ஆவியா வரும். தூரமா ஓட்டினா சூட்டுல காஞ்சிடும். நீங்க தெருமுனையில திரும்பி வந்துடுறீங்க. அது உள்ளேயே தங்கித் துரு புடிக்குது."

ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினான். முன்பக்கம் 'டங்' என்றது. வளைவின் அடியில் 'பொத்'. முனையை வைத்து லேசாக அழுத்தினான், வெண்ணெயில் இறங்குவதற்குக்கூட அதைவிட நேரமாகும். பெயிண்ட் தோல் உரிந்து செந்தூள் அவன் காலில் கொட்டியது. கூடவே கட்டுக்கம்பி சுற்றிய ஒரு தகரத் துண்டு. அதில் பாதி அழிந்த கடலை எண்ணெய் லேபிள்.

"அடப்பாவி, என் எண்ணெய் டின்!" என்றார் அம்மா. அப்பா மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்காக அசருகிற ஆளா அவர்? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "மாப்ளே, இதுல ரைசர் எங்க இருக்கு?"

மூங்கிலும் தாரும் துடுப்பும்தான் இருந்தன. மச்சினன் வாயைத் திறக்கவில்லை. பரிசல்காரர்தான் கேட்டார், "ரைசர்னா என்னங்க?"

"புகை வெளிய போற இடம்."

"அதுக்குக் கரைக்குத்தாங்க போகணும். பரிசல்ல பீடி புடிக்க விடமாட்டோம்."

அப்பாவுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் சிரிப்பு. பென்னாகரத்தில் டீ வாங்கிக் கொடுத்ததுகூட அவர்தான். அந்தச் சந்தோஷத்திலேயே புது சைலன்சருக்கும் சம்மதித்துவிட்டார். மறுநாளே மாட்டியாயிற்று. பழையதை எடைக்குப் போட்டோம். பாதி துருவாகக் கொட்டிவிட்டதால் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

வண்டி இப்போது பூனை மாதிரி வருகிறது. அதில்தான் புதுச் சிக்கல். அந்தச் சத்தம் ஏரிக்கரையில் கேட்டதும்தான் அம்மா அடுப்பில் டீக்கு வைப்பார். முதல் நாள் அப்பா வந்து நிற்கிறார், அடுப்பே பற்றவைக்கவில்லை. அன்றிலிருந்து ஏரிக்கரைத் திருப்பத்திலிருந்து வீட்டு வாசல் வரை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வருகிறார்.