அடுப்பு எரிய எரியச் சூடு ஏறாத அந்த நாலு நிமிடம்

பதினோராம் தரத்தில் இரண்டாம் தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எனக்கு 41 புள்ளி. கேள்விகளில் பலதும் மறந்துவிட்டது, ஒரு வரைபு மட்டும் மறக்கவில்லை. ஐஸைச் சூடாக்கிக்கொண்டு போனால் வெப்பநிலை நேரத்தோடு எப்படி மாறும் என்று கீறச் சொல்லியிருந்தார்கள். அடிமட்டத்தை வைத்து இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு ஒரே நேர்கோடாக இழுத்துவிட்டேன். சூடாக்கினால் சூடு ஏறும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். கிடைத்தது முட்டை.

இப்போது வெள்ளவத்தையில் அக்காவின் மகன் சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குப் படிக்கிறான். சனி, ஞாயிறில் அவனோடு இருந்து விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. முதல் நாளே அந்த வரைபைக் கீறச் சொன்னேன். பெடியனும் அதே நேர்கோட்டைத்தான் இழுத்தான். இத்தனைக்கும் "திண்மத்துக்குத் திட்டமான உருவமும் கனவளவும் உண்டு, திரவத்துக்குக் கனவளவு மட்டும் உண்டு, வாயுவுக்கு இரண்டும் இல்லை" என்று மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறான். பாடமாக்கியது வாயில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டுக் குசினிக்குப் போனோம்.

அதற்கு முதல் ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூடக் காலத்தில் இதே பரிசோதனையைத் தனியாகச் செய்யப்போய், அம்மா காய்ச்சல் பார்க்க வைத்திருந்த வெப்பமானியைச் சுடுதண்ணீருக்குள் விட்டவள் நான். அது 35 இலிருந்து 42 பாகை வரைக்கும் பார்க்கச் செய்தது. டிக் என்று ஒரு சத்தம், உள்ளிருந்த பாதரசம் தரையெல்லாம் குண்டுகுண்டாக ஓடியது. அதன் ஆவி நஞ்சு என்பதால் அப்பா யன்னல்களைத் திறந்துவிட்டு எங்களை வெளியே கலைத்தார். வாங்கிய ஏச்சு வேறு கதை. ஆகவே −10 முதல் 110 பாகை வரை காட்டும், சிவப்புத் திரவம் உள்ள ஆய்வுகூட வெப்பமானிதான் வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

ஐஸை ஒரு துணியில் சுற்றி அம்மிக்குழவியால் நொறுக்கி, சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, காஸ் அடுப்பை ஆகக் குறைத்து வைத்தோம். நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு. முதலில் −2, பிறகு 0. இரண்டாம் நிமிடம் 0. மூன்றாம் நிமிடமும் 0.

"சித்தி, அடுப்பு எரியுதுதானே, ஏன் ஏறேல்லை? தெர்மோமீட்டர் பழுதோ?"

"பாத்திரத்துக்குள்ள பார். என்ன நடக்குது?"

"ஐஸ் குறையுது."

அவ்வளவுதான் விடை. நெருப்பிலிருந்து வரும் வெப்பம் எங்கேயும் தொலையவில்லை. திண்மத்தில் துணிக்கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடி, இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தவே வெப்பம் முழுக்கச் செலவாகிறது, அவற்றின் வேகத்தைக் கூட்ட மிச்சமில்லை. வெப்பமானி காட்டுவது அந்த வேகத்தைத்தான். அதனால் அது அசையாமல் நிற்கிறது. உள்ளே போயும் வெப்பமானியில் தெரியாத வெப்பம் என்றபடியால்தான் மறைவெப்பம் என்று பெயர். 1760களில் ஸ்கொட்லாந்தில் ஜோசப் பிளாக் இதைப் பிடித்ததும், பனி கொஞ்சம் வெயில் பட்டதும் ஏன் ஒரேயடியாகத் தண்ணீராகிவிடுவதில்லை என்று யோசித்துத்தான்.

இடையில் ஒரு கோளாறு. பெடியன் கலக்குவதை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்தான், வாசிப்பு 4 பாகைக்கு ஏறிவிட்டது. ஐஸ் இன்னும் மிதக்கிறது! அடியில் இருந்த தண்ணீர் மட்டும் சூடாகியிருக்கிறது. கலக்கியதும் திரும்ப 0. பரிசோதனைக் கேள்விகளில் "கலக்கி ஏன் பயன்படுத்தப்படுகிறது?" என்று கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும்: வெப்பநிலை எங்கும் சீராக இருப்பதற்காக. வெப்பமானியின் குமிழ் அடியில் முட்டக்கூடாது என்பதும் இதோடு வரும்.

எங்களுக்கு ஐஸ் முழுக்க உருக ஏறக்குறைய நாலு நிமிடம். இங்கேதான் இலக்கங்கள் உதவுகின்றன. 0 பாகையில் உள்ள 1 கிலோகிராம் ஐஸ் உருக 334,000 யூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். அந்தத் தண்ணீர் 0 இலிருந்து 100 பாகைக்குப் போக 420,000 யூல், ஏனென்றால் ஒவ்வொரு பாகைக்கும் 4,200. பிறகு 100 பாகையிலேயே முழுவதும் ஆவியாக 2,260,000 யூல். அடுப்பு ஒரே அளவில் எரிந்தால், உருக நாலு நிமிடம் என்றால் கொதிக்க இன்னும் ஐந்து நிமிடம், வற்ற 27 நிமிடம். வெளியே போகும் வெப்பத்தால் எங்கள் குசினிக் கணக்கு கொஞ்சம் இழுபட்டது, ஆனால் விகிதம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே வரைபில் இரண்டு கிடைக்கோடுகள் வரவேண்டும், இரண்டாவது மிக நீளமாக இருக்க வேண்டும். பலர் இரண்டையும் ஒரே நீளத்தில் போடுகிறார்கள்.

புட்டுப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கொதிதண்ணீரை விட மோசமாகச் சுடுவதும் இதே கணக்குத்தான். 100 பாகையில் உள்ள 1 கிராம் கொதிதண்ணீர் நம் உடல் சூட்டுக்கு இறங்கும்போது ஏறக்குறைய 265 யூலைக் கொடுக்கும். 1 கிராம் கொதிநீராவி தோலில் ஒடுங்கித் தண்ணீராகும்போதே 2,260 யூலைக் கொட்டிவிட்டு, அதன் பிறகுதான் அந்த 265க்கே வருகிறது.

சொற்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பெடியன் தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகள் பார்த்துப் படிக்கிறவன். பிழையில்லை, சில வாத்திமார் அருமையாக விளங்கப்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் உள்ளுறை வெப்பம் என்பதை நாங்கள் மறைவெப்பம் என்கிறோம். அவர்களுடைய துகள் எங்களுக்குத் துணிக்கை, தன் வெப்ப ஏற்புத்திறன் (1 கிலோகிராமை ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பம், தண்ணீருக்கு மேலே சொன்ன 4,200) எங்களுக்குத் தன்வெப்பக் கொள்ளளவு. பரீட்சைத் தாள் எங்கள் சொல்லில்தான் வரும். காணொளி பார்க்கும்போது கொப்பியின் ஓரத்தில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். பல்தேர்வுத் தாளில் 40 கேள்விக்கு ஒரு மணித்தியாலம்தான். சொல் விளங்காமல் முழித்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

வழக்கமாக விழும் குழிகள் சில. கொதிக்கும் தண்ணீரில் வரும் குமிழியைக் காற்று என்று எழுதுவார்கள். சூடாக்கத் தொடங்கும்போது பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழிகள் கரைந்திருந்த காற்றுத்தான், ஆனால் கொதிக்கும்போது வருவது நீராவி. கேத்தலின் வாயில் வெள்ளையாகத் தெரிவதும் நீராவி இல்லை, ஒடுங்கிய நுண்ணிய நீர்த்துளிகள். வாயை ஒட்டி ஒன்றுமே தெரியாத ஒரு சிறு இடைவெளி இருக்கும், உண்மையான நீராவி அங்கேதான். இன்னொன்று, சூடாக்கினால் துணிக்கைகள் பெரிதாகும் என்று எழுதுவது. துணிக்கை அதே அளவுதான், கூடுவது இடைவெளி. பதங்கமாதலுக்கு (திண்மம் உருகாமல் நேரே வாயுவாவதற்கு) கோயில் கற்பூரத்தை உதாரணம் காட்டுவதாக இருந்தால் தட்டில் எரிவதைச் சொல்லாதீர்கள், அது தகனம். சாமியறைப் பெட்டியில் மூடி சரியாகப் போடாத கற்பூரம் தானாகச் சிறுத்துப்போகிறதே, அதைச் சொல்லுங்கள்.

ஆவியாதலுக்கும் கொதித்தலுக்கும் வித்தியாசம் கேட்டால் எங்கள் பல்கனிக் கொடி போதும். 30 பாகையிலேயே உடுப்பு காய்கிறது, மேற்பரப்பிலிருந்து மட்டும். ஐப்பசி மழை நாளில் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் இரண்டு நாளானாலும் காயாது.

தேங்காயெண்ணெய் கொஞ்சம் சிக்கலான ஆள். அது பல கொழுப்புகளின் கலவை, ஐஸைப் போல ஒரே புள்ளியில் உருகாது, 24, 25 பாகையை அண்டி மெல்ல மெல்ல இளகும். கொழும்பில் அலுமாரியில் வைத்த போத்தல் எப்போதும் திரவம். அக்கா வீட்டில் ஏசி அறையில் வைத்த போத்தல் காலையில் வெள்ளையாக இறுகியிருந்ததைப் பெடியன்தான் கண்டுபிடித்து எனக்குக் காட்டினான். தூய பதார்த்தத்தின் வரைபில் மட்டும் ஏன் அப்படி நேரான கிடைக்கோடு வருகிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

போன விடுமுறைக்கு வீட்டுக்காரர் எல்லாரும் நுவரெலியா போனார்கள். உயரமான மலையூர், காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 100க்கு முதலே கொதித்துவிடும். பெடியன் வெப்பமானியைக் காலுறைக்குள் சுற்றிப் பையில் கொண்டுபோயிருக்கிறான். இரவு எனக்கு அழைப்பு. "சித்தி, தண்ணி நல்லாக் கொதிக்குது, ஆனா 94க்கு மேல போகேல்லை. அம்மா பருப்பு அவியுதில்லையெண்டு கத்துறா."

"நெருப்பைக் கூட்டிப் பாத்தியா?"

"கூட்டினன். கெதியா வத்துது, அவ்வளவுதான்."